இடப்பக்கம் பார்க்கிற பிள்ளை

எங்கள் வீட்டில் புருசன் பெண்சாதி சண்டை வந்தது காணிக்கும் நகைக்கும் அல்ல, எங்கேயோ வெளிநாட்டில் ரேஸ் கார் ஓடுகிற ஒரு பத்தொன்பது வயதுப் பெடியனுக்காக. திருகோணமலை என்று ஒரு ஊர் இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவன் கெட்டிக்காரனா, அவனுடைய கார் கெட்டிக்காரக் காரா என்று கேட்டு நானும் என் மனுசனும் மூன்று நாள் கதைக்காமல் இருந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். விசர் பிடித்தவர்களுக்குத்தான் அது விளங்கும்.

நாங்கள் நாலு பேர். நான் தபால் கந்தோரில் கவுண்டரில் இருக்கிறவள். என் மனுசன் சீனன்குடாவில் மெக்கானிக். மூன்றாவது ஆள் கிண்ணியா நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம், உட்துறைமுக வீதிப் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறவர். நாலாவது வேன் அண்ணன். பாலையூற்றில் எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார், பள்ளிக்கூட வேன் ஓட்டினார். என் மகளும் அந்த வேனில்தான் போய் வந்தாள். ரேஸ் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஆறரைக்கு எல்லோரும் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் கூடிவிடுவோம். நானா கையில் ஒரு பார்சல் ரோல்ஸ் இல்லாமல் வந்ததே இல்லை.

அவனவன் தன் தொழிலைக் கொண்டுதான் அந்தப் பெடியனை எடை போட்டான். என் மனுசனுக்கு எல்லாம் எஞ்சின். நல்ல காரைக் கொடுத்தால் எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவனும் வெல்லுவான் என்பார். நானாவுக்கு டயரைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. பெடியன் முந்திப் போனால் டயர் சூடு பிடித்துவிட்டது, பிந்திப் போனால் டயர் தேய்ந்துவிட்டது. நான் மட்டும்தான் பெடியன் பக்கம். மழையில் மற்றவர்கள் எல்லாம் பயந்து பயந்து ஓட, அவன் ஒருத்தன் வளைவுக்கு வளைவு ஆட்களை முந்திக்கொண்டு போனதை என் கண்ணால் கண்டவள் நான். அது பிறவியிலேயே வந்த திறமை என்று சத்தம் போடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பென்சன்காரர்களோடு கத்திக் கத்தி வந்த வாய்.

வேன் அண்ணன் அதிகம் கதைக்க மாட்டார். வாசலோரக் கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பார்ப்பார். இரண்டு பக்கமும் அவரிடம் நியாயம் கேட்போம். இரண்டு பக்கமும் சரிதானே என்று சொல்லித் தப்பிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெடியனுடைய காரில் பொருத்திய கமராவில் இருந்து படம் காட்டினார்கள். அவனுடைய ஹெல்மெட் பின்பக்கமாகத் தெரிந்தது. இடப்பக்க வளைவு வருவதற்கு எவ்வளவோ முந்தி அந்த ஹெல்மெட் இடப்பக்கம் நன்றாகத் திரும்பியது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பாருங்கோ, மற்றவன் வளைவுக்குள் போன பிறகுதான் வளைவைப் பார்க்கிறான், இவன் வரமுதலே பார்த்துவிட்டான், இதற்குப் பேர் திறமை இல்லாமல் வேறென்ன என்று மனுசனைப் பார்த்துக் கேட்டேன். அவர் வாய் திறக்கமுதல் வேன் அண்ணன் கதைத்தார்.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. அந்தப் பெடியனுக்கு இடக்கண் தெரியாது."

நானா ரோல்ஸை வாயில் வைத்தபடியே சிரித்துவிட்டார். எனக்கு ஏறிவிட்டது. அத்தனை டொக்டர்மார் சோதித்துத்தான் ஒருத்தனைக் காரில் ஏற்றுவார்கள், அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதாக்கும் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல மெல்ல விளங்கப்படுத்தினார். இடக்கண் இல்லாதவனுக்கு இடப்பக்கத்தை வலக்கண்தான் பார்க்க வேண்டும். ஆனால் நடுவில் மூக்கு மறைக்கும். மூக்கு விலகும் வரைக்கும் தலையைத் திருப்பினால்தான் அந்தப் பக்கம் தெரியும். வலப்பக்கம் போகும்போது பாருங்கள், தலை அவ்வளவு திரும்பாது என்றார். அடுத்த வலப்பக்க வளைவில் பார்த்தோம். உண்மைதான், ஹெல்மெட் கொஞ்சம்தான் அசைந்தது. இடப்பக்கம் ஏதாவது திடீரென்று வந்தால் முதலில் அது ஒரு நிழல் மாதிரிக்கூடத் தெரியாது, வந்து நின்ற பிறகுதான் தெரியும் என்றும் சொன்னார்.

இவ்வளவையும் ஒரு மனுசன் எங்களுக்கு முன்னால் இருந்து சொல்கிறார். உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு டொக்டர் என்று பட்டம் வைத்தோம், அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

அடுத்த ரேஸில் பெடியன் வென்றான். முடிந்த பிறகு யாரோ அவனிடம் அந்தத் தலை திருப்புகிற பழக்கத்தைப் பற்றியே கேட்டார்கள். சின்ன வயதில் கார் ஓடப் பழகும்போது வந்த பழக்கம், எவ்வளவு முயன்றும் போகவில்லை, மற்றப்படி என் கண் இரண்டும் கழுகுக் கண் என்று அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். எங்கள் வீட்டில் ஒரே கூத்து. "டொக்டர், ஒங்கட நோயாளி வெண்டிட்டாரே" என்று நானா வேன் அண்ணனின் முதுகில் தட்டினார். நான் விடுவேனா, வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி அன்று முழுக்க அவரைப் போட்டு மென்றேன். அப்ப நல்லது, பெடியனுக்கு ஒண்டுமில்லை எண்டால் நல்லது என்றார் வேன் அண்ணன். டிவியில் ரேஸ் காட்டி முடியமுதலே எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் என் ஸ்கூட்டி உயிர் பிடிக்க மாட்டேன் என்று நின்றது. மகளோடு நானும் வேனில் ஏறினேன். அன்று முன் சீட் மகளுடைய முறை.

இதை இங்கே சொல்ல வேண்டும். அந்த வேனில் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால், சாரதிக்கு இடப்பக்கத்தில் இருக்கிற சீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய பிள்ளை இருக்கும். அதற்கு வேலை இடப்பக்கம் பார்ப்பது. வேன் நின்று வெளிக்கிடும்போதும், சந்தியில் திரும்பும்போதும் அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்து "இடப்பக்கம் சரி மாமா" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் வேன் நகரும். அந்தச் சீட்டுக்குப் பிள்ளைகளிடையே அடிபிடி. பிள்ளைகளுக்கு வீதி ஒழுங்கு பழக்குகிற மனுசன் என்று எங்களுக்கெல்லாம் பெருமை. பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நான் எழும்பி நின்று, மற்ற வேன்காரரும் இதைப் பார்த்துப் பழக வேண்டும் என்று பேசினவள். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எவ்வளவு அடக்கமான மனுசன் என்று நினைத்தேன்.

நான் இரண்டாவது வரிசையில், நடுவில் இருந்தேன். அன்புவழிபுரத்தில் ஐந்து பிள்ளைகள் ஏறினார்கள். மகள் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்து, சரி மாமா, சரி மாமா என்று சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு அவளைப் பார்க்க ஆசையாக இருந்தது. டவுனுக்குள் வந்து, பஸ் நிலையம் தாண்டினோம். இடப்பக்கம் குப்பைத் தொட்டியடியில் இருந்து ஒரு மான் வீதிக்கு இறங்கியது. எங்கள் டவுனில் மான் என்றால் ஆடு மாடு போலத்தான், தன்பாட்டில் வரும், தன்பாட்டில் போகும். நான் தூரத்திலேயே கண்டுவிட்டேன். அண்ணன் பிரேக் பிடிப்பார் என்று இருந்தேன். பிடிக்கவில்லை. மான் இன்னும் இரண்டு எட்டு வைத்தது. வேன் அதே வேகத்தில் போனது. மகள் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்திருந்தாள்.

"அண்ணை, மான்!"

பிரேக் விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் முன்னுக்குச் சரிந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் இடப்பக்கம் பார்த்தார். தலை திரும்பியது, இன்னும் திரும்பியது, மூக்கு இடப்பக்கக் கண்ணாடிக்கு நேரே வரும் வரைக்கும் திரும்பியது. அந்த மான் வேனின் மூலையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது.

நான் மானைப் பார்க்கவில்லை. அந்தத் தலை திரும்பிய விதத்தை நான் எங்கே பார்த்தேன் என்று உடனே தெரிந்துவிட்டது. மூக்கு மறைக்கும், நிழல் மாதிரிக்கூடத் தெரியாது, வந்து நின்ற பிறகுதான் தெரியும். கடவுளே, இந்த மனுசன் தன்னைப் பற்றி அல்லவா சொல்லியிருக்கிறார்! என் பிள்ளை அந்த முன் சீட்டில் இருந்து ஒழுங்கு படிக்கவில்லை. அவருடைய இடக்கண்ணாக இருந்திருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளை. அதற்குத்தான் நான் மைக்கில் நின்று பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்கிறேன்.

அவர் பின்னால் திரும்பி, ஆருக்கும் அடிபட்டதோ என்று பிள்ளைகளைக் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பின்னேரம் மகளைக் கூப்பிட்டு, சந்தேகம் வராத மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டேன். போன தீபாவளிக்குப் பிறகுதான் இந்த முறை தொடங்கியதாம். முன்னால் இருக்கிற பிள்ளை கதைக்கக் கூடாது, குனியக் கூடாதாம். முன் சீட்டில் பிள்ளை இல்லாத நேரம் மாமா ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுவாராம். இன்று சப்பாத்து கட்டினதற்கு மாமா ஏசுவாரோ அம்மா என்று பயந்துகொண்டு கேட்டாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை. மனுசனிடம், பிள்ளைக்கு வேன் மணத்துக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறது, நாளையில் இருந்து ஸ்கூட்டியில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். அண்ணனுக்கும் ஃபோனில் அதையே சொன்னேன். அவர் சரி தங்கச்சி என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. செவ்வாயும் புதனும் என் பிள்ளை எனக்குப் பின்னால் பத்திரமாக இருந்து பள்ளிக்கூடம் போனாள். அந்த வேன் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்களை முந்திக்கொண்டு போனது. நான் பார்த்துக்கொண்டு போனேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் காரணம் இல்லாமல் இல்லை. பெட்ரோல் இல்லாத காலத்தில் வரிசையில் இரண்டு நாள் வேனுக்குள்ளேயே படுத்துக் கிடந்து, பிள்ளைகளின் சோதனை தவறாமல் பார்த்த மனுசன் அவர். என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது பள்ளிக்கூடத்தில் இருந்து தூக்கிக்கொண்டு வந்து என் கையில் தந்தவர். வேன் நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் நின்றுவிடும். அவருடைய சோற்றில் மண் போட்டவள் என்று பேர் வாங்க எனக்குப் பயமாக இருந்தது. யாராவது தானாகக் கண்டுபிடிப்பார்கள், கடைசியில் எல்லாம் தன்பாட்டில் சரிவரும் என்று நினைத்தேன். ஊர் பேர் தெரியாத பெடியனுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவள், பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணியளவில் கவுண்டருக்கு ஒரு தாய் வந்தாள். அன்புவழிபுரத்துக்காரி, வெளிநாட்டில் இருக்கிற தமையனுக்குப் பார்சல் அனுப்ப வந்தவள். அவளுடைய சின்னவள் முதலாம் வகுப்பு, அதே வேன். பார்சலை நிறுத்துக்கொண்டு இருக்கும்போது சந்தோசமாகக் கதைத்தாள்.

"அக்கா, உங்கட மகள் வராததாலை எங்கட சின்னவளுக்கு முன் சீட் கிடைச்சிட்டு. மற்றப் பெரிய பிள்ளையள் ரெண்டும் காய்ச்சலாம். அழுது பிடிச்சு வாங்கினவள். அவளுக்கு இன்னும் இடது வலது வடிவாத் தெரியாது, காலமை அவளின்ரை இடக்கையிலை ஒரு நூல் கட்டி விட்டனான்."

தராசு காட்டிய நிறையை மூன்று தரம் பார்த்தேன். ஒரு இலக்கமும் மண்டையில் ஏறவில்லை. அவளுக்குப் பற்றுச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பக்கத்துக் கவுண்டர்க்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். பாலையூற்றுக்கு எந்த வழியால் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் விட இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.

அவர் முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் தண்ணியை நிப்பாட்டினார். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"எந்தக் கண் அண்ணை?" என்றேன்.

"இடக்கண்" என்றார். உடனே, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. இரத்தத்தில் சீனி கூடின வருத்தத்தால் வந்ததாம். ஒரு நாள் காலமை எழும்பும்போது கண்ணுக்குள் மை கொட்டின மாதிரி இருந்ததாம். ஆஸ்பத்திரியில் வாகனம் ஓடக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்களாம். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் இந்த மாதத்தோடு விட்டுவிடுவேன் என்று நினைத்தாராம்.

எனக்குக் கோபம் வந்தது. என்ன மனுசன் நீங்கள், ஆறு வயதுப் பிள்ளையை அந்தச் சீட்டில் இருத்த உங்களுக்கு மனம் எப்படி வந்தது, ஏதாவது நடந்திருந்தால் அந்தத் தாயின் முகத்தில் எப்படி முழிப்பீர்கள் என்று கத்தினேன். குசினிக்குள் இருந்து அவர் மனைவி வெளியே வந்து நின்றுவிட்டார். அண்ணன் ஒன்றையும் மறுக்கவில்லை. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு நான் முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தார்.

"நீங்கள் திங்கக்கிழமையே கண்டிட்டியள் தங்கச்சி. எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலமை வந்து நிப்பாட்டுவியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான். நீங்கள் உங்கட பிள்ளையை மட்டும்தான் இறக்கினியள்."

அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனி இருந்திருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். இருக்கவில்லை. அவர் சாரத்து மடியில் இருந்து வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கொண்டு போங்கோ. என்னட்டை இருந்தால் பின்னேரமும் ஓடுவன். என்னாலை விட ஏலாது."

நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். யா அல்லாஹ் என்று மட்டும் சொன்னார். பத்து நிமிசத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அவரே வேனை எடுத்தார், நான் முன் சீட்டில் இருந்தேன். பள்ளிக்கூட வாசலில் பதின்மூன்று பிள்ளைகளில் வந்திருந்த பதினொரு பேரையும், அவர்களோடு என் மகளையும் ஏற்றினோம். மாமா எங்கே என்று கேட்டார்கள். சுகமில்லை என்றேன். கையில் நூல் கட்டிய சின்னவள் என் சீட் என்று சிணுங்கினாள். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளை வீடு வீடாக இறக்கும்போது ஒவ்வொரு தாயிடமும் நானே இறங்கிச் சொன்னேன். ஒருத்தி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். ஒருத்தி அந்த மனுசனைப் பொலிஸில் கொடுக்க வேண்டும் என்று கத்தினாள். கடைசியாக அந்தச் சின்னவளின் வீடு. அவள் தாய் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே முகம் வெளிறிப்போனது. பிள்ளையை என் கையில் இருந்து பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்தாள். நீங்கள் மட்டும் கண்டுபிடிக்காவிட்டால் என்ன நடந்திருக்கும், இந்த உதவியைச் செத்தாலும் மறக்க மாட்டேன் என்று அழுதாள். நானா வேனுக்குள் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எப்ப அக்கா தெரிஞ்சது?" என்று கேட்டாள்.

"இண்டைக்குத்தான்" என்றேன்.